சாகாத மாப்பிள்ளை

நோர்வேயில், கம்சிகாவின் கல்யாணக் காலை. பக்கத்து வீட்டு ஹீரா, நேபாளத்து நேவார்ப் பெண், மூக்கு வைத்த பித்தளைச் செம்பில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். தங்கள் ஊர் வழக்கப்படி மணமகளுக்கு முன்னால் நீர் வார்த்தபடி நடந்து, அவளைக் கார் வரை அழைத்துப் போக ஆசையாம்.

அறைக்குள்ளிருந்து பூமணி மகளைக் கூப்பிட்டாள். "அவவின்ரை மனுசன் போன வருசந்தானே செத்தவர்? தாலி இல்லாத ஆள் முன்னுக்கு வரப்படாது. பக்குவமாச் சொல்லு."

கம்சிகா தயங்கித் தயங்கி நோர்வேஜிய மொழியில் சொன்னாள். ஹீரா சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். கம்சிகா குழம்பிப்போய்த் திரும்பி வந்தாள்.

"அம்மா, அவவின்ரை மனுசன் சாகேல்லையாம்."

"அப்ப நாங்கள் ஆரின்ரை செத்தவீட்டுக்குப் போனனாங்கள்?"

"அது ரெண்டாவது மனுசனாம். ஏழு வயசிலையே வில்வக்காயைச் சாட்சி வைச்சு நாராயணருக்குக் கட்டிக்குடுத்திட்டினமாம். நேவார்ப் பிள்ளையளுக்கு அதுதான் முதல் கல்யாணமாம். அவருக்குச் சாவில்லை, அதாலை அவவும் ஒருநாளும் விதவை இல்லையாம்."

பூமணி தன் வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டாள். விடிந்ததிலிருந்து அவள் வாசல் பக்கமே போகவில்லை.

"பிள்ளை, ஒருக்காக் கேட்டுப்பார். அந்தக் கல்யாணத்தை இந்த வயசிலையும் செய்து வைப்பினமோ?"