ஜோடித் தலையணை உறை

மெரியானா உள்ளே வந்ததும் மாமியார் தெபாயேரு முதுகைத் திருப்பிக்கொண்டு தைத்தாள். வெள்ளைத் துணியில் சிவப்புச் செம்பருத்தி. அச்சாக அதே மாதிரி இன்னொரு தலையணை உறை பாயில் கிடந்தது. ராரோடோங்கா தீவில் ஜோடியாகத் தைத்தால் கல்யாணச் சீர்தான்.

“யாருக்கு அத்தை?”

“தெரிஞ்சவங்களுக்கு.”

“எனக்குத் தெரியாத தெரிஞ்சவங்களா?”

“ஊசி கையில இருக்கிறப்போ வாயைக் கிளறாதே. தையல் கோணிடும்.”

மெரியானாவின் கணவன் ஆக்லாந்துக்கு வேலைக்குப் போய் ஒரு வருடமாகிறது. காலையில்தான் மாமியார் போனில் அவனிடம் கிசுகிசுத்தது காதில் விழுந்தது: “கல்யாணத்தைப் பத்தி உன் பொண்டாட்டிகிட்ட மூச்சு விடாதே.”

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை.

“அங்கே எவளைக் கட்டிக்கப் போறான் உங்க பிள்ளை?”

தெபாயேரு விரலில் ஊசியைக் குத்திக்கொண்டாள். “அவனா? கல்யாணம் எனக்குடி. மீன்காரர் மத்தாயோவோட. இந்த வயசிலயான்னு நீ சிரிப்பியேன்னு பயந்தேன்.”

மெரியானாவுக்கு மூச்சு திரும்பியது. கூடவே கோபமும் வந்தது.

“அதுக்காக, கல்யாணப் பொண்ணே தன் சீரைத் தைச்சுக்கறதா?”

“தைச்சுத் தர எனக்கு அம்மா இருக்காளா, அக்கா தங்கச்சி இருக்காங்களா?”

“நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேனே! குடுங்க இங்க.”