கோழி கிண்டிய கையெழுத்து

கரும்பலகையில் நான் எழுதியதைப் பார்த்து வகுப்பே சிரித்தது.

டீச்சர் கையில் அடிபட்டுவிட்டதா என்று முதல் பெஞ்சுக்காரி கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிட்டு, இன்னும் கோணலாக எழுதினேன். 'கிழக்கே பொழுது விடிந்தது.'

எட்டு வருடமாக நூல் பிடித்தாற்போல் எழுதிப் பழகிய கை, லேசில் கோணிக்கொள்ள மாட்டேன் என்றது. 'ழ'வின் வாலைக் கீழே இறக்கி ஒரு சுழி சுழித்து விடுவது என் பழக்கம். இன்று அதைப் பாதியில் வெட்டினேன்.

வெளியே பள்ளி வாசலில் நிரந்தர ஆசிரியர்கள் எல்லோரும் மூன்றாவது நாளாகப் போராட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பிடித்திருக்கும் பதினோரு அட்டையும் நான் எழுதிக்கொடுத்தவை. தற்காலிகம் என்பதால் நான் உட்கார முடியாது. உட்கார்ந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

'வாழும் அளவுக்குச் சம்பளம் கொடு.' 'எழுபது பிள்ளைகளை ஒரே அறையில் அடைக்காதே.'

எழுதும்போது எனக்கு அப்படி ஓர் ஆத்திரம். வால்களை வழக்கத்தைவிட நீளமாகவே சுழித்துவிட்டேன். புத்தி இருக்கிறதா எனக்கு?

காலையில் அலுவலக அக்கா வந்து காதைக் கடித்துவிட்டுப் போனாள். மேலதிகாரி வந்திருக்கிறாராம். உள்ளே இருக்கும் தற்காலிகங்களில் ஒருத்திதான் எழுதியது என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்களாம். செல்போனில் அட்டைகளைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, வகுப்பு வகுப்பாகப் பலகையைப் பார்த்து வருகிறாராம்.

அடுத்த மாதம் என் வேலையை நீட்டிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரேதான்.

பக்கத்து அறையில் அவர் குரல் நின்றது. உள்ளங்கை வியர்வையைப் புடவையில் துடைத்தேன். நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி நின்றேன்.

வந்தார். எழுபது பிள்ளைகளும் இடித்துக்கொண்டு எழுந்து வணக்கம் சொன்னார்கள். பலகையைப் பார்த்தார். செல்போனைப் பார்த்தார். மறுபடி பலகை.

கோழி கிண்டின மாதிரி இருக்கிறதே, ஒரு டீச்சர் எழுதுகிற எழுத்தா இது என்று முகம் சுளித்தார். தலையைக் குனிந்துகொண்டேன். வாங்கிய திட்டு இவ்வளவு இனித்ததே இல்லை.

வெளியே கிளம்பியவர் சும்மா போயிருக்கலாம். போகிற போக்கில் முதல் பெஞ்சிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் புரட்டினார்.

நின்றார்.

அடுத்த நோட்டை எடுத்தார். பிறகு அதற்கடுத்தது.

ஒன்றாம் வகுப்பிலிருந்து இவர்களுக்கு நான்தான். ஒவ்வொரு விரலாகப் பிடித்து எழுதவைத்திருக்கிறேன். அத்தனை நோட்டிலும், ஒவ்வொரு 'ழ'வுக்கும் கீழே, நீளமாக அதே சுழி.

யார் இப்படி எழுதச் சொல்லிக்கொடுத்தது என்று பிள்ளைகளிடம் கேட்டார்.

வகுப்பு மொத்தமும் என் பக்கம் கை நீட்டியது. முதல் பெஞ்சுக்காரி எழுந்தே நின்றுவிட்டாள்.

"எங்க டீச்சர்தான் சார். நல்லா எழுதுவாங்க. இன்னைக்குத்தான் அவங்க கைக்கு என்னமோ ஆயிடுச்சு."

அந்த நேரத்திலும் பெருமையாக இருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பலகையைத் துடைத்தேன். சாக்பீஸை ஒழுங்காகப் பிடித்து, அதே வரியை மறுபடி எழுதினேன், வாலைச் சுழித்து.