தோளைத் தட்டும் ஊதாச் சட்டை

"அந்த ஊதாச் சட்டைய விட்றாதம்மா! அப்படியே அவன் தலைக்கு மேல நிப்பாட்டு!"

எஸ்.ஐ. வெள்ளைத்துரை நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். வெளியே தல்லாகுளம் முழுக்க, அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக் கூட்டம். மலையிலிருந்து இறங்கி வந்த அழகரின் பல்லக்கு, மண்டகப்படி மண்டகப்படியாக நின்று பூசை ஏற்று நகர்ந்துகொண்டிருந்தது. போலீஸ் பந்தலில் வைத்திருந்த திரையில் கடல் மாதிரி தலைகள். நடுவே அந்த ஊதாச் சட்டை.

"ஊரே சாமியப் பாக்குது. இவன் ஒருத்தன் மட்டும் வானத்தப் பாக்குறான். கவனிச்சியா?"

ட்ரோனை ஓட்டிக்கொண்டிருந்தவள் ஐரின். மாலை வகுப்பில் ட்ரோன் படித்து முடித்து, இன்றுதான் முதல் வேலை. இன்றைக்கு ஒழுங்காகச் செய்தால்தான் இந்த வேலை நிரந்தரம் என்று காலையிலேயே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

திரையில் ஊதாச் சட்டைக்காரர் முன்னால் நின்றவரின் தோளைத் தட்டினார். அவர் திரும்பியதும் விரலை மேலே நீட்டினார். முன்னால் நின்றவரும் அண்ணாந்து பார்த்தார். ஊதாச் சட்டை நகர்ந்து, கழுத்து நிறைய நகை போட்டிருந்த ஒரு பெண்ணின் பக்கம் போனது. ஏதோ சொன்னது. அந்தப் பெண்ணும் அண்ணாந்தாள்.

"பாத்தியா, பாத்தியா! இவன் பேச்சுக் குடுத்து மேல பாக்க வைப்பான். அந்நேரம் பாத்து கூட்டாளி கழுத்துல கைய வைப்பான். சர்வீஸ் பூரா இந்தக் கூட்டத்துலதான் நிக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

"சார்... அந்தம்மா நகை கழுத்துலதான் சார் இருக்கு."

"இப்ப நோட்டம் பாக்குறான்மா. பெறகுதான் வேலையக் காட்டுவான்."

போன வருடம் இதே இடத்தில், அவர் காவலில் இருக்கும்போதே செயின்கள் பறிபோயின. மேலதிகாரியிடம் எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டார். இந்த வருடம் ஒரு குண்டுமணித் தங்கம்கூடக் காணாமல் போகாது என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் பந்தலில் வந்து உட்கார்ந்திருந்தார்.

சட்டென்று திரையில் பல்லக்கு தெரிந்தது. ஊதாச் சட்டையைக் காணோம்.

"எங்கம்மா போறே?"

"காத்து சார்... தள்ளிருச்சு."

பந்தலின் துணி அசையவே இல்லை. வெள்ளைத்துரை அவளை ஒரு பார்வை பார்த்தார். ட்ரோன் மறுபடி திரும்பி வந்தது. இந்த முறை ஊதாச் சட்டை ஒரு நீர்மோர்ப் பந்தல் முன்னால் நின்று, மோர் ஊற்றுகிறவரையே அண்ணாந்து பார்க்க வைத்துக்கொண்டிருந்தது. மோர் சொம்பு நிரம்பி வழிந்தது. அடுத்த நொடி, திரையில் வெறும் வேப்பமரம்.

"இப்ப என்ன?"

"பேட்டரி கம்மியா இருக்கு சார். கீழ எறக்கிரட்டுமா?"

திரையின் மூலையில் பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது. வெள்ளைத்துரை நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். கூட்டாளியைக் கூட்டத்துக்குள் தேடிக்கொண்டிருக்கிறோமே, ஒருவேளை இங்கே பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாளோ?

"இந்தா பாரு. இன்னொரு தடவ அவன நழுவ விட்டே, உன் மிஷினு பெட்டிக்குள்ள போகும், நீ ஸ்டேஷனுக்குப் போவே. வேலையெல்லாம் மறந்துர வேண்டியதுதான்."

ட்ரோன் திரும்பியது. ஊதாச் சட்டை திரையின் நடுவில் வந்து நின்றது.

வெள்ளைத்துரை வயர்லெஸ் மைக்கை எடுத்தார். "சின்னக்கருப்பா! நீர்மோர்ப் பந்தலுக்கு எதுத்தாப்புல, ஊதாச் சட்டை. அமுக்கு!"

"சார்... நான் ஒண்ணு சொல்லணும் சார்."

"எல்லாத்தையும் ஸ்டேஷன்ல வந்து சொல்லு."

இரண்டு காவலர்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போவது திரையில் தெரிந்தது. ஆளுக்கொரு பக்கமாக ஊதாச் சட்டையின் கையைப் பிடித்தார்கள். வெள்ளைத்துரை மீசையை நீவிக்கொண்டார்.

"எம்புட்டுக் கூட்டமா இருந்தா என்ன? இந்தக் கண்ணுல இருந்து ஒருத்தன் தப்ப முடியுமா?"

ஊதாச் சட்டைக்காரர் திமிறவில்லை, ஓடவும் இல்லை. பிடிபட்ட கையையே மேலே உயர்த்தி என்னவோ சொன்னார். சின்னக்கருப்பன் அண்ணாந்து பார்த்தார். இன்னொரு காவலரும் அண்ணாந்தார். பிறகு சின்னக்கருப்பன், பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, கேமராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி ஒரு சல்யூட் வைத்தார்.

"யோவ்! ஆள விட்டுட்டு எங்கய்யா பாக்குறே? அப்படி என்னதான்யா சொல்றான் அவன்?"

வயர்லெஸ்ஸில் மேளச் சத்தத்துக்கு நடுவே சின்னக்கருப்பனின் குரல் வந்தது.

"காலையில இருந்து ஒரு ஆள் விடாம இதத்தான் சொல்லிக்கிட்டு வாராராம்ங்கய்யா... 'மேல பாருங்க, அத ஓட்டுறது எம் மக ஐரின்!'"