ஆறாவது பேர்

நோட்டீஸ் போர்டில் ஆறாவதாக லோகேஸ்வரன் பேர் எழுதியதும் ஆபீஸே கொல்லென்று சிரித்தது.

"இன்னாடா, வூட்ல ஒக்காந்துகினு கொழந்தைக்குப் பால் கலக்கப் போறியா?" என்றான் சுதீர்.

லோகேஸ்வரனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ரூம் ஆபீஸுக்குப் பக்கத்துத் தெரு.

ரேகாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது. வாரத்தில் மூணு நாள் வீட்டிலிருந்தே வேலை. கேட்டு எழுதிய முதல் அஞ்சு பேரும் பெண்கள்; ரேகாவும் அதில் ஒருத்தி. ஒன்பது மாசக் குழந்தையை விட்டுவிட்டு நகரியிலிருந்து திருப்பதிக்கு ரயிலில் அல்லாடுகிற அவளுக்கு அது உயிர் மூச்சு. இவன் சொகுசுக்குப் பேர் எழுதி, மேனேஜர் கடுப்பாகி மொத்தத்தையும் ரத்து பண்ணிவிட்டால்?

'சோம்பேறிப் பய!' என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

அடுத்த வாரம் மேனேஜரிடமிருந்து மெயில் வந்தது. 'டீம் லீடர் வேலைக்கு, வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் மனு போடலாம்.'

அடேயப்பா! போன வருஷம் அப்படிப்பட்டவர்களைச் சேர்க்கவே முடியாது என்ற அதே மனுஷனா?

அன்றைக்கு ஆறு பேருக்கும் வீட்டிலிருந்து வேலை. வீடியோ மீட்டிங்கில் லோகேஸ்வரன் பின்னால் ஒரே ஆட்டோ ஹாரன். "ரெண்டு டீ!" என்று யாரோ கத்தினார்கள்.

மீட்டிங் முடிந்ததும் ரேகா போன் போட்டாள்.

"ஏம்ப்பா, ஆபீஸ்ல ஏசி கீது. டீக்கடையில இன்னா வேலை?"

"ரூம்ல நாலு பேர் இருக்கோம்க்கா. நெட்டும் சரியா வராது."

"அப்புறம் எந்த அழகுக்குப் பேர் எழுதின?"



"சிரிக்கக் கூடாது. 'இந்த வருஷமும் வீட்ல ஒக்காந்துகினு வேலை செய்றவங்களைக் கழிச்சிடலாம், அப்ப லோகேஸ்வரன்தான் லீடர்'னு மேனேஜர் போன்ல பேசிக்கினு இருந்தாரு. காதுல உழுந்துச்சு."

"அதனால?"

"லிஸ்ட்ல நானும் இருந்தா எப்டிக் கழிப்பாருன்னு பாக்கலாம்னு எழுதினேன். நானும் மனு போடறேன்க்கா, விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனா உங்களை ஜெயிச்சு லீடரானேன்னு சொல்லணும். நீங்க வூட்ல இருந்ததால ஆனேன்னு சொல்லக் கூடாது."