இடப்பக்கத்துக் கம்பி

கொட்டிவாக்கத்து வீட்டு வாசலில், டிரெயிலர் மேல் நிற்கிறது சாய்நாத்தின் சின்னப் பாய்மரப் படகு. நாளைக் காலை அவனும் மனைவி ஜெயாவும் அதில் கடலுக்குப் போகிறார்கள். ஆள் தவறி விழாமல் தடுக்க அதன் விளிம்பில் இழுத்துக் கட்டிய கம்பிதான், படகு சும்மா கிடந்த மழைக்காலம் முழுக்க வீட்டுக்குத் துணிக்கொடி. வலப்பக்கத்தில் அவன் இன்று மாற்றிய புதுக் கம்பி மாலை வெயிலில் மின்னுகிறது. இடப்பக்கத்தில் பழையதே, அதன் வெள்ளைப் பிளாஸ்டிக் உறையில் ஒரு கீறல்கூட இல்லை. தங்கை சாருலதா அதிலிருந்து எடுக்கும் வேட்டியில், உறை முடிந்து கம்பி தெரியும் இடத்துக்கு நேராக, செம்பழுப்பாய் ஒரு கறை. பக்கத்துத் துண்டிலும் அதே கறை. வீணாகத்தான் பயப்படுகிறோமோ என்று தயங்கி, மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள்.

"அண்ணா, உள்ள துரு புடிச்சிருக்கு. இதையும் மாத்திட்டுப் போயேன்."

"கம்பி தீந்துபோச்சு. அடுத்த வாரம் பாத்துக்கலாம். நீ பூட்டுன கதவையே நாலு வாட்டி இழுத்துப் பாக்குறவ!"

"அண்ணிக்கு நீச்சல் தெரியாதுண்ணா."

"இப்ப பாரு." சாய்நாத் இரண்டு கைகளையும் விரித்து, உடம்பின் பாரம் முழுவதையும் பழைய கம்பியில் சாய்க்கிறான். உறைக்குள் எங்கோ மெல்லிய நரம்பு தெறிப்பதுபோல் ஒரு சத்தம். காற்று நின்றிருக்கிறது. கம்பி அறுந்துவிடவில்லை. சாய்நாத் சிரித்தபடி வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுக்கிறான்:

"ஜெயா, நாளைக்கு நீ இந்தப் பக்கமே உக்காரு. சாஞ்சிக்க வசதியா இருக்கும்."