நெல்லியடி ஓடர்

"உந்தத் தட்டை வடிவாக் கழுவினனியோ? நேற்று உதிலைதானே பாண் சூடாக்கினனி?"

குசினி வாசலில் புருஷன் யாகப்பு வந்து நிற்பார் என்று ரீற்றம்மா எதிர்பார்க்கவில்லை. சனிக்கிழமையென்றால் காலைச் சாப்பாட்டோடு மீனவர் சங்கத்துக்கென்று வெளிக்கிட்டு, பொழுதுபடத்தான் திரும்பி வருகிற மனிதர். அதை நம்பித்தான் பிஸ்கற் சுடுகிற வேலையை அவள் இன்றைக்கு வைத்திருந்தாள்.

"கழுவிப்போட்டன். நீங்கள் சங்கத்துக்குப் போகேல்லையோ?"

"இண்டைக்குக் கூட்டம் இல்லை. ஆருக்கு உது?"

"நெல்லியடியிலை ஒரு வீட்டு ஓடர். நத்தாருக்கு. அங்கை ஒரு சின்னப் பிள்ளைக்குக் கோதுமை மா, முட்டை, பால் ஒண்டும் ஒத்துக்கொள்ளாதாம். திண்டால் முகம் வீங்கி மூச்சு முட்டுமாம்."

பிள்ளை உண்மை, ஒவ்வாமை வருத்தமும் உண்மை. நெல்லியடிதான் பொய். பிள்ளை இருப்பது புத்தூரில். மகள் தயாளினியின் பிள்ளை. ரீற்றம்மா போன் படத்தில் மட்டுமே கண்ட பேத்தி.

தயாளினிக்கும் சின்ன வயதில் இதே வருத்தம். யேசு பிறந்த நத்தாருக்குக் குருநகர் ஊர் முழுக்கக் கேக் தின்ன, அவளுக்கென்று ரீற்றம்மா அரிசி மாவில் பிஸ்கற் சுட்டுக் கொடுப்பாள். அந்தப் பிள்ளை வளர்ந்து, புத்தூர்த் தோட்டக்காரர் வீட்டுச் செந்தூரனைச் சொல்லாமல் கொள்ளாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டது. வேறு சமயம், வேறு சாதி. "இனி அவளின்ரை பேரை ஆரும் எடுத்தால் நான் இந்த வீட்டிலை சோறு தின்னமாட்டன்" என்றார் யாகப்பு. சொன்ன சொல்லை விழுங்குகிற ஆளா அவர்? ரீற்றம்மா ஒருதரம் வாய்தவறிப் பேரை எடுத்ததற்கு உண்மையாகவே பட்டினி கிடந்து காட்டினார்.

அதன்பிறகு தாயும் மகளும் கள்ளமாகப் போனில் கதைப்பதோடு சரி. "அம்மா, எனக்குச் சுட்டுத் தாறனீங்கள், அந்தப் பிஸ்கற் இவளுக்கும் வேணும். தெரிஞ்ச ஓட்டோப் பெடியன் நிருஷனை அனுப்புறன், குடுத்துவிடுங்கோ" என்று மகள் கேட்டபோது ரீற்றம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பிஸ்கற்றோடு தானும் போய், அந்தப் பிள்ளை ஒரு கடி கடிப்பதை ஒருக்கால் பக்கத்தில் இருந்து பார்த்தால் போதும் என்று கிடந்து மனம் அடித்துக்கொண்டது. எங்கே போவது, இந்த மனிதரை வைத்துக்கொண்டு?

"மாஜரினே போட்டனி?" என்றார் யாகப்பு.

"இல்லை, தேங்காய் எண்ணெய்."

"அதுதான் நல்லது. மாஜரினிலையும் பால் கலந்திருக்கும்."

தேத்தண்ணிக்குச் சீனி எங்கே இருக்கிறதென்று தெரியாத மனிதர், இன்றைக்குக் குசினியில் நின்று வகுப்பெடுக்கிறார்.

அரிசி மாவையும் மரவள்ளி மாவையும் தேங்காய்ப்பாலில் குழைத்து, தட்டையாக உருட்டி, நட்சத்திரம் நட்சத்திரமாக வெட்டினாள். ஓவனில் வெந்து ஆறியதும் ஐசிங் சீனியில் தேசிக்காய்ப் புளி விட்டு அடித்தாள். பீற்றூட் சாற்றை எடுத்தபோது அவர் மறித்தார்.

"மஞ்சள் போடன்."

"நத்தாருக்குச் சிவப்புத்தானே வடிவு?"

"சின்னப் பிள்ளையளுக்கு மஞ்சள்தான் பிடிக்கும். போடு."

ஓட்டோ வருகிற நேரத்தில் இவரோடு ஆர் மல்லுக்கட்டுவது? மஞ்சள் தூளையே கரைத்துப் பூசினாள். பெட்டியில் அடுக்கத் தொடங்க, அவர் ஒரு வாங்கை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"ரீற்றா..."

"என்ன?"

"ஒண்டுமில்லை. உடையாமல் அடுக்கு."

வெளியே ஓட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பெடியன் வாயைத் திறந்து புத்தூர் என்றால் எல்லாம் முடிந்தது. இனிமேல் போனில் கதைப்பதும் இல்லாமல் போய்விடும். ரீற்றம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அதற்குள் யாகப்பு முந்திப் போய்ப் படலையைத் திறந்துவிட்டார்.

"தம்பி, நெல்லியடி ஓடருக்குத்தானே வந்தனீர்?" என்று கண்ணைக் காட்டிக் கேட்டாள்.

நிருஷன் அவளைக் கவனிக்கவே இல்லை. யாகப்புவைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"ஐயா, சனிக்கிழமையிலை புத்தூர்ச் சந்தியிலை பஸ்ஸாலை இறங்கி என்ரை ஓட்டோவிலைதானே வாறனீங்கள், இண்டைக்கு ஏன் காணேல்லையெண்டு பாத்தன். நத்தாருக்கெண்டு இந்தச் சனி அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு பேத்திக்குச் சொல்லிப்போட்டியளாம். அது விடியத் தொடக்கம் ரோட்டைப் பாத்துக்கொண்டு நிக்குது."

யாகப்பு மனைவியின் முகத்தைப் பாராமலே பெட்டியைக் கையில் வாங்கினார்.

"அவளை நான்தான் சொல்லவேண்டாமெண்டனான். நிண்டு பாக்காமல் கெதியாப் போய்ச் சீலையை மாத்திக்கொண்டு வா" என்றார்.