சுற்றிப்பார்க்க மட்டும்

“உள்ளுக்க போ, கெதியா! குடிவரவுக்காரனுகள் வந்திட்டானுகள்.”

சமையற்காரி சீதேவிப்பிள்ளை குசினிக் கதவைச் சாத்தியபடி சொன்னதுதான் தாமதம், றெபேக்கா கழுவிக்கொண்டிருந்த கோப்பையை அப்படியே போட்டுவிட்டுச் சாமான் அறைக்குள் ஓடினாள். அரிசி மூடைகளுக்கும் மீன் ஐஸ் பெட்டிகளுக்கும் நடுவில் குந்திக்கொண்டாள்.

அவளுடைய கடவுச்சீட்டில் இருந்த விசா சுற்றிப்பார்க்க மட்டும். வேலை செய்வது பிடிபட்டால் முதலில் தடுப்பு முகாம், பிறகுதான் விமானம். இருபத்திரண்டு வயதில், தெரியாத நாட்டில், கம்பிக்குப் பின்னால் கிடக்க வேண்டிவரும்.

வினையை அவளே விலைக்கு வாங்கியிருந்தாள். தங்க இடமும் சாப்பாடும் கிடைத்தால் போதுமென்று இந்தச் சின்னக் கடற்கரை ஹோட்டலில் இரண்டு மாதமாகக் கோப்பை கழுவுகிறாள். கழுவிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். வெயிலில் மூக்கு நுனி தோலுரிந்த முகத்தோடு, ஏப்ரன் கட்டிச் சிரித்து ஒரு படம் எடுத்து, ஊரிலிருக்கும் அம்மா பார்க்கட்டுமென்று முகநூலில் போட்டாள். அம்மா பார்த்தாளோ இல்லையோ, வேறு யாரோ பார்த்துப் பெட்டிசம் எழுதிவிட்டார்கள்.

யாரோ என்ன யாரோ? சீதேவிப்பிள்ளைதான் என்று றெபேக்காவுக்குச் சந்தேகம். வந்த நாளிலிருந்து அந்த மனுஷிக்கு இவள் வெங்காயம் வெட்டினாலும் குற்றம், வெட்டாவிட்டாலும் குற்றம். இப்போது ஒளிய வைத்ததுகூடக் காட்டிக்கொடுக்கத்தானோ என்று தோன்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

சப்பாத்துச் சத்தம் குசினிக்குள் வந்தது. ஒருவன் அதட்டலாக ஏதோ கேட்டான். றெபேக்காவுக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் நடுவில் தன்னுடைய பெயர் வந்தது மட்டும் நன்றாக விளங்கியது.

சீதேவிப்பிள்ளை அதே மொழியில் தட்டுத்தடுமாறிப் பதில் சொன்னாள். என்ன சொன்னாளோ தெரியவில்லை, சப்பாத்துகள் சாமான் அறைப் பக்கம் திரும்பின.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அதிர்ந்தது. அம்மா! இங்கே மத்தியானம், அங்கே இப்போதுதான் விடிந்திருக்கும். றெபேக்கா பதறிப்போய்க் கைப்பேசியைத் திறந்திருந்த அரிசி மூடைக்குள் புதைத்து, மேலே இரண்டு கைகளையும் வைத்து அமுக்கினாள்.

கதவுப் பிடி அசைந்தது.

‘படார்’ என்று ஏதோ விழுந்தது.

“ஐயோ! என்ட காலு! என்ட காலு!”

சப்பாத்துகள் திரும்பி ஓடின. கத்தல், தண்ணீர் ஊற்றும் சத்தம், எரிச்சலோடு யாரோ திட்டுவது எல்லாம் கேட்டது. கடைசியில் வாகனம் புறப்பட்டுப் போனது.

வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. சீதேவிப்பிள்ளை வாசலில் நொண்டியபடி நின்றாள். முழங்கால் வரைக்கும் நண்டுக் குழம்பு. பாதம் சிவந்து கொப்பளித்திருந்தது. தவறி விழுகிற சட்டியா அது, இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற சட்டி!

றெபேக்காவுக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“அக்கா... ஏன்?” இரண்டு மாதத்தில் பழகிய அரைகுறைத் தமிழில் கேட்டாள்.

சீதேவிப்பிள்ளை அவளுடைய கையைப் பிடித்து எழுப்பினாள்.

“பயப்படாத மகள். என்ட மகனும் இந்தப் பனிச்சங்கேணி ஊர விட்டுட்டுப் போய், உங்கட லண்டன்ல இப்பிடித்தான் ஒளிச்சி நிக்கான்.”